ஐந்து வாட், நான்காம் மாடி, கம்பிக்கு இடமில்லை என்னும் சங்க விதி

ஐந்துவாட் | லாஸ்பேட்டை, புதுச்சேரி

அனைவருக்கும் வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சொந்த வீட்டில் இருந்தவரை, அமெச்சூர் வானொலிக்கு (உரிமம் பெற்ற ஆர்வலர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வானொலி) வேண்டிய ஆண்டெனாவைப் பற்றி நான் பெரிதாக யோசித்ததே இல்லை. கொல்லையில் நின்ற இரண்டு தென்னைகளுக்கு நடுவே நாற்பது மீட்டர் அலைவரிசைக்கான (அது அலையின் நீளம்) டைபோல் ஒன்றை, அதாவது நடுவிலிருந்து ஊட்டப்படும் கம்பி ஆண்டெனாவைக் கட்டினேன். பதினோரு ஆண்டுகள் அதைக் கொண்டே பேசினேன். சென்ற தை மாதம் பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டு லாஸ்பேட்டையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்துவிட்டோம். கீழே வண்டி நிறுத்துமிடம், அதற்கு மேல் நான்கு மாடிகள், எங்களுடையது நான்காவது. தலைக்கு மேலேயே மொட்டைமாடி இருந்தும் அங்கே ஒரு முழக் கம்பிகூடக் கட்ட முடியாது. மொட்டைமாடியிலும் வெளிச்சுவரிலும் கம்பி, டிஷ், பலகை எதையும் பொருத்தலாகாது என்று, குடியேறும்போது நான் கையெழுத்திட்ட விதிப் புத்தகத்தில் தெளிவாக அச்சிட்டிருக்கிறார்கள்.

என்னிடம் இருப்பது ஐதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த மைக்ரோபிட்எக்ஸ் என்னும் அனுப்பி-வாங்கிக் கருவி. நாற்பது மீட்டரில் பத்து வாட் வரை தரக்கூடியது. நான் ஐந்தில் நிறுத்தியிருக்கிறேன். பத்து மீட்டருக்குப் போனால் அது தானாகவே ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும். உரிமம் ரெஸ்ட்ரிக்டெட் வகுப்பு, வியூ3 எனத் தொடங்கும் அழைப்புக்குறி. முகவரி மாற்றத்தை முறைப்படி தெரிவித்துவிட்டேன், ஆகையால் அந்தப் பேச்சை யாரும் எடுக்க வேண்டியதில்லை.

இப்போதைக்கு வரவேற்பறை ஜன்னலில் ஐந்து மீட்டர் ஒயரைத் தொங்கவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்கும் வலிமையைக் காட்டும் எஸ் அளவுகோலில், பழைய வீட்டில் எஸ்2, எஸ்3 என்று இருந்த நாற்பது மீட்டர் இரைச்சல் இங்கே எஸ்7 ஆக நிற்கிறது. அமெரிக்காவில் குடியிருப்புச் சங்கங்களுக்குத் தெரியாமல் ஆண்டெனாவை மறைக்கும் வித்தைகளைப் பற்றி நிறையப் படித்துவிட்டேன். கொடிக்கம்பத்துக்குள் செங்குத்து ஆண்டெனா, மழைநீர்க் குழாய்க்குள் கம்பி என்று அவர்கள் என்னென்னவோ செய்கிறார்கள். நம் ஊருக்கு எது பொருந்தும், ஐந்து வாட் போதுமா, காந்தச் சுழல் ஆண்டெனா என்று சொல்லப்படும் சிறு வளையமான லூப்பைப் பால்கனியில் வைத்தால் வேலை செய்யுமா என்பதைத் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

கெடிலக்கரை | மஞ்சக்குப்பம், கடலூர்

தம்பி, முதலில் வாட் கணக்கை முடித்துவிடுவோம், ஏனென்றால் எல்லோரும் தவறான இடத்தில் கவலைப்படுவது அங்கேதான். நூறு வாட்டிலிருந்து ஐந்து வாட்டுக்கு இறங்கினால் இழப்பு 13 டெசிபெல். ஓர் எஸ் அலகுக்கு 6 டெசிபெல் என்று கொண்டால், எஸ்9 ஆகக் கேட்ட உங்கள் குரல் எஸ்7க்குச் சற்றுக் கீழே கேட்கும். அவ்வளவுதான். அமைதியான இடத்தில் இருப்பவருக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் உங்களிடம் இருக்கும் எஸ்7 இரைச்சல் மறுமுனையில் இருப்பவரிடமும் இருந்தால், உங்கள் ஐந்து வாட் அந்த இரைச்சலுக்குள் அமிழ்ந்துபோகும். பழைய வீட்டுக்கும் புது வீட்டுக்கும் இடையே நீங்கள் இழந்திருப்பது நான்கு, ஐந்து எஸ் அலகுகள், அதாவது 24 முதல் 30 டெசிபெல். நூறு வாட் பெட்டி வாங்கினாலும் அதில் ஒரு டெசிபெல்கூடத் திரும்பி வராது, ஏனென்றால் பவரைக் கூட்டினால் நீங்கள் கேட்பது மாறுவதில்லை.

ஆகவே கம்பியை எங்கே கட்டுவது என்று தேடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கருவியைப் பேட்டரியில் ஓடவிட்டு, உங்கள் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, இரைச்சல் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இறங்குகிற அளவு உங்கள் வீட்டுப் பங்கு. மீதி ஊர்ப் பங்கு. பிறகு மின்கட்டுப் பெட்டியில் இருக்கும் சிறு சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். எல்இடி விளக்குகளின் டிரைவர், செட்டாப் பெட்டியின் அடாப்டர், கைபேசி சார்ஜர், இன்வெர்ட்டர் ஆகியவைதான் வழக்கமாக அகப்படும்.

இன்னொன்று. நாற்பது மீட்டரில் கம்பி தாழ்வாக இருப்பதை நினைத்து வருந்த வேண்டாம். 7 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 42 மீட்டர். அதில் கால் பங்குக்கும் கீழே கட்டிய கம்பி பெரும்பாலும் வானத்தை நோக்கியே அனுப்பும், அது வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனிமண்டலத்தில் பட்டு நம் தலைமேல் மழைபோல் இறங்கும். சென்னை, பெங்களூர், மதுரை, கோவை ஆகியவற்றுக்குப் பகலில் வேண்டியது அதுதான். ஆனால் நான்கு மாடி உயரத்தை ஆண்டெனாவின் உயரமாக எண்ணிவிடாதீர்கள். தளத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பி வலை ஏறக்குறைய பூமியைப் போலவே நடந்துகொள்ளும். தளத்திலிருந்து கம்பி எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதே கணக்கு.

உப்புக்காற்று | முத்தியால்பேட்டை, புதுச்சேரி

லூப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான்கு ஆண்டுகளாக அதை வைத்துக்கொண்டு பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

ஒரு மீட்டர் விட்டமுள்ள வளையத்தை 22 மில்லிமீட்டர் செப்புக் குழாயால் செய்தால், இருபது மீட்டர் அலைவரிசையில் அதன் கதிர்வீச்சுத் தடை (அலையாக வெளியேறும் பவரைக் குறிப்பது) சுமார் 0.09 ஓம் வரும், செம்பின் இழப்புத் தடை (சூடாக வீணாவதைக் குறிப்பது) சுமார் 0.045 ஓம். கொடுத்த பவரில் மூன்றில் இரண்டு பங்கு வெளியே போகிறது என்று பொருள். பால்கனியில் வைத்த ஒரு வளையத்துக்கு அது பெருமைப்படத் தக்கதுதான். அதே வளையத்தை நாற்பது மீட்டருக்கு இழுத்தால் கதிர்வீச்சுத் தடை 0.006 ஓமுக்கு விழுந்துவிடுகிறது, இழப்போ 0.03க்குச் சற்று மேலே நிற்கிறது. ஆறில் ஒரு பங்குதான் வெளியேறும். ஐந்து வாட் கொடுத்தால் ஒரு வாட்டுக்கும் குறைவாகப் போகும்.

இதுவும் காகிதக் கணக்குதான். என் வீட்டிலிருந்து கடற்கரை நடந்து போகும் தொலைவில் இருக்கிறது. வளையத்தை அலைவரிசைக்கு இசைக்கும் மின்தேக்கியையும் குழாயையும் நான் கிளாம்ப் வைத்து இறுக்கியிருந்தேன், பற்றவைக்கவில்லை. எட்டு மாதம் கழித்து, முன்பு கேட்டுக்கொண்டிருந்த நிலையங்கள் எனக்குப் பதிலளிக்காமல் போயின. பழுது எங்கே என்று பெட்டியைப் பிரித்தேன், கருவியை ஆண்டெனாவோடு இணைக்கும் கோஆக்ஸ் கேபிளை மாற்றினேன், கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளாம்பைக் கழற்றியபோது உள்ளே மயில்துத்தம் பூத்ததுபோல் பச்சைப் படலம் படர்ந்திருந்தது. 0.006 ஓமை நம்பி வாழும் கருவியில் அந்த ஒரு மூட்டில் 0.05 ஓம் கூடினால் நாற்பது மீட்டரில் செயல்திறன் ஏழு விழுக்காட்டுக்கு இறங்கிவிடும் என்பதைப் பிறகுதான் கணக்கிட்டுப் பார்த்தேன். கடலோரத்தில் லூப் செய்பவர்கள் எல்லா மூட்டையும் வெள்ளி கலந்த பற்றாசு கொண்டு பற்றவைத்து, மேலே வார்னிஷ் பூச வேண்டும். ஈயப் பற்றாசும் பரவாயில்லை. திருகாணி கூடவே கூடாது.

மேலும் ஐந்து வாட்டுக்கே அந்த மின்தேக்கியின் குறுக்கே ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பழைய ரேடியோவில் கழற்றிய கேங் மின்தேக்கியில் எனக்குப் பொறி பறந்தது. இருபது மீட்டரில் அலைப்பட்டை அகலம் 20 கிலோஹெர்ட்ஸ் அளவுக்குத்தான் கிடைக்கும், ஆகையால் சற்று நகர்ந்தாலும் மறுபடி திருக வேண்டும். இரும்புக் கிராதி போட்ட பால்கனி என்றால் அதிலிருந்து வளையத்தை எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள்.

இத்தனை குறைக்குப் பிறகும் நான் அதை வைத்திருப்பதற்குக் காரணம் ஒன்றே. வளையத்துக்கு இரண்டு பக்கத்தில் செவிட்டுத் திசை உண்டு. அந்தத் திசையை லிஃப்ட் மோட்டாருக்கு நேராகத் திருப்பி வைத்தால் இரைச்சல் சட்டென்று விழும். அனுப்புவதற்குச் சுமார், கேட்பதற்கு அருமை.

பாகூர்ஏரி | பாகூர்

இவ்வளவு கணக்கு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. மோட்டார் காயில் கட்டும் கடையில் 26 கேஜ் எனாமல் செப்புக் கம்பி கிடைக்கிறது. விட்டம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. பால்கனியிலிருந்து மேலே ஏற்றி, கைப்பிடிச் சுவரின் உட்பக்கமாக இருபது மீட்டர் ஓட்டிவிட்டால் பத்தடி தள்ளி நிற்பவருக்குக் கண்ணில் படாது. புதுச்சேரியில் வாடகை வீட்டில் இருந்தபோது மூன்று ஆண்டுகள் இப்படித்தான் பேசினேன். காக்கையைத் தவிர ஒருவரும் கவனிக்கவில்லை. அனுமதி கேட்டால் மறுப்பார்கள், கேட்காவிட்டால் மறுப்பதற்கு ஆளில்லை.

சங்கச்செயலர் | ரெட்டியார்பாளையம், புதுச்சேரி

நான் வானொலிக்காரன் அல்லன். என் மைத்துனர் இந்த இழையை அனுப்பி, "உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்" என்றதால் வந்தேன். நாற்பது வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பின் சங்கத்துக்கு ஆறு ஆண்டுகளாகச் செயலராக இருக்கிறேன். லாஸ்பேட்டை நண்பரின் குடியிருப்புக்கும் எனக்கும் தொடர்பில்லை. ஆனால் அந்த விதி எப்படிப் பிறந்திருக்கும் என்பதை என்னால் சொல்ல முடியும், ஏனென்றால் எங்கள் புத்தகத்திலும் கிட்டத்தட்ட அதே சொற்கள் இருக்கின்றன.

எங்களுக்குக் கம்பி மேல் பகை இல்லை. எங்கள் பகை ஓட்டையோடு. டிஷ் மாட்ட வந்தவர்கள் ஆளுக்கு நான்கு போல்ட்டாகத் தளவோட்டைத் துளைத்து, அடியில் இருந்த செங்கல் ஜல்லி வரை இறக்கிவிட்டுப் போனார்கள். ஐப்பசி மழையில் நான்காம் மாடி வீடுகள் மூன்றில் கூரை ஒழுகியது. யாருடைய டிஷ், யாருடைய ஓட்டை என்று சண்டை போட்டு முடியவில்லை. தளத்தை மீண்டும் போட்ட செலவு எல்லோர் தலையிலும் விழுந்தது. அடுத்த பொதுக்குழுவில் எதையும் பொருத்தக் கூடாது என்று ஒரே வரியில் தீர்மானம் போட்டோம். அந்த வரியை எழுதியபோது எங்கள் மனத்தில் வானொலியே இல்லை.

பாகூர் நண்பர் மூன்று ஆண்டுகள் யாரும் பார்க்கவில்லை என்கிறார். பார்க்காமல் இருந்தது நல்லது. பார்த்திருந்தால், அது எதற்கான கம்பி என்று தெரியாத ஒருவர் காவல்நிலையத்துக்குப் போயிருப்பார், பிறகு உரிமம் இருந்தும் நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றிருப்பீர்கள்.

பாகூர்ஏரி | பாகூர்

ஐயா சொல்வது நியாயம், ஆனால் எல்லாச் சங்கத்திலும் உங்களைப் போலப் பொறுமையாகப் பேசுபவர் இருப்பதில்லை. எங்கள் வீட்டு உரிமையாளர் ஆணி அடிக்கவே விடமாட்டார்.

கெடிலக்கரை | மஞ்சக்குப்பம், கடலூர்

மறைத்துக் கட்டுவதில் எனக்கு இருக்கும் தடை விதியைப் பற்றியது அல்ல. பாகூர் நண்பர் சொன்ன கம்பி முனையிலிருந்து ஊட்டப்படும் அரை அலைக் கம்பி, அதாவது அலைநீளத்தில் பாதி நீளமுள்ளது. அதன் முனைகளில் மின்தடை ஏறக்குறைய 2,500 ஓம் இருக்கும். அதனால்தான் அதைக் கருவிக்கு ஏற்ற அளவுக்கு இறக்கும் 49க்கு 1 மின்மாற்றி போடுகிறோம். ஐந்து வாட்டில் அந்த முனையில் 110 வோல்ட் நிற்கும். ஐம்பது வாட் என்றால் 350 வோல்ட். உயிருக்கு ஆபத்தில்லை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் உயர் அதிர்வெண் மின்சாரம் தோலை ஒரு புள்ளியில் சுட்டுவிடும், அந்தப் புண் ஆறுவதற்கு நாளாகும். என் வீட்டிலேயே, கை எட்டும் உயரத்தில் முனையைக் கட்டிவைத்திருந்த காலத்தில், துணி எடுக்கப் போன என் அக்காள் விரல் நுனியைச் சுட்டுக்கொண்டார். அவர் அதன்பின் ஆறு மாதம் மாடிக்கே வரவில்லை.

மொட்டைமாடி என்பது துணி காயப்போடும் இடம், வடகம் பிழியும் இடம், பிள்ளைகள் பட்டம் விடும் இடம். கண்ணுக்குத் தெரியாத கம்பியை அங்கே கட்டினால் அதைத் தொடக்கூடாது என்று ஒருவருக்கும் தெரியாது. மறைவாக இருப்பது வேறு, மற்றவருக்குத் தெரியாமல் இருப்பது வேறு. முனையை ஆள் உயரத்துக்கு மேல் வைக்க முடியாத இடத்தில் அந்தக் கம்பியைக் கட்டவே கட்டாதீர்கள்.

அமெரிக்க உத்திகளைப் பற்றி ஒரு சொல். அங்கே 1985இல் வந்த பிஆர்பி-1 என்னும் ஆணை, அமெச்சூர் ஆண்டெனாக்களுக்கு நியாயமான இடம் கொடுக்க வேண்டும் என்று உள்ளாட்சிகளைத்தான் கட்டுப்படுத்துகிறது. வீடு வாங்கும்போது சங்கத்தோடு செய்துகொள்ளும் தனியார் ஒப்பந்தத்தை அது தொடுவதில்லை. 1996இல் வந்த இன்னொரு விதி தொலைக்காட்சி டிஷ்களைக் காப்பாற்றியது, நம்மவர்களைக் காப்பாற்றவில்லை. அதனால்தான் அவர்கள் கொடிக்கம்பத்துக்குள் புகுந்தார்கள். இங்கே கொடிக்கம்பம் நட்டால்தான் ஊரே திரும்பிப் பார்க்கும். நமக்கு இயல்பான மறைவு துணிக்கொடி.

வெள்ளைநகர்மாணவி | புதுச்சேரி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். உரிமத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளை நகரத்தில் ஒரு பழைய வீட்டின் மேல்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். தெருவைப் பார்த்த முகப்பில் எதையும் தொடக் கூடாது, அது மரபுக் கட்டடம் என்று உரிமையாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்கு இப்போதைக்குக் கேட்க மட்டும்தான் வேண்டும். அறைக்குள்ளேயே கம்பி கட்டினால் பயன் உண்டா?

உப்புக்காற்று | முத்தியால்பேட்டை, புதுச்சேரி

உங்கள் கூரையை அண்ணாந்து பாருங்கள். வரிசையாகத் தேக்கு விட்டங்கள், அவற்றின் மேல் சாய்வாக அடுக்கிய செங்கல் என்றிருந்தால் அது மெட்ராஸ் டெரஸ். அதற்குள் கான்கிரீட் தளத்தில் இருப்பதைப் போன்ற இரும்பு வலை இல்லை. எங்களைப் போன்ற புதுக் கட்டடக்காரர்கள் வீட்டுக்குள் கம்பி கட்டினால் அந்த வலை தலைக்கு மேல் சல்லடைபோல் நிற்கும். உங்களுக்கு மரமும் செங்கலும் சுண்ணாம்பும்தான், அவை 7 அல்லது 14 மெகாஹெர்ட்ஸ் அலைகளுக்குப் பெரிய தடையாவதில்லை. விட்டத்தின் அடியில் மெல்லிய கம்பியைப் பசை நாடாவால் ஒட்டி, இருபது மீட்டருக்கான டைபோலை ஒட்டுமொத்தமாக 10 மீட்டர் 10 சென்டிமீட்டர் நீளத்தில் போடுங்கள். அறை போதாவிட்டால் இரு முனைகளையும் சுவரோரமாக மடக்கலாம். சில பழைய வீடுகளில் மரத்துக்குப் பதிலாக இரும்பு உத்தரம் போட்டிருப்பார்கள். அப்படியிருந்தால் கம்பி அதற்குக் குறுக்காகப் போகட்டும், இணையாக வேண்டாம்.

முற்றம் இருந்தால் முகப்பை மறந்துவிடுங்கள். முற்றத்தின் மேலே குறுக்காகப் போகும் கம்பி தெருவுக்குத் தெரியவே தெரியாது. ஆனாலும் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கேட்பதற்கு மட்டும் என்றால் 14.074 மெகாஹெர்ட்ஸில் எஃப்டி8 என்னும் டிஜிட்டல் முறையின் ஒலியைக் கணினிக்குள் விட்டுப் பாருங்கள். 1993இல் இயற்பியல் நோபெல் பெற்ற ஜோ டெய்லர், ஸ்டீவ் ஃபிராங்குடன் சேர்ந்து 2017இல் வெளியிட்ட முறை அது. இரைச்சலுக்கு 20 டெசிபெல் கீழே கிடக்கும், காதுக்கு எட்டாத செய்தியைக்கூட மென்பொருள் படித்துவிடும். உங்கள் ஒட்டுக்கம்பி எந்தெந்த நாட்டைக் கேட்கிறது என்பது ஒரே மாலையில் தெரிந்துவிடும்.

ஐந்துவாட் | லாஸ்பேட்டை, புதுச்சேரி

பத்து நாளாக எழுத முடியவில்லை. கெடிலக்கரை ஐயா சொன்ன சோதனையைச் செய்தேன். மெயினை அணைத்ததும் எஸ்7 எஸ்5 ஆனது. ஒவ்வொன்றாகப் போட்டு வந்ததில், அடுக்களையின் மெல்லிய எல்இடி பலகை விளக்கும் செட்டாப் பெட்டியின் அடாப்டரும் அகப்பட்டன. விளக்கை மாற்றிவிட்டேன்; அடாப்டர் ஒயரை, இரைச்சலைத் தடுக்கும் 31 எண் ஃபெரைட் வளையத்தில் எட்டுச் சுற்றுச் சுற்றினேன். மெயின் போட்டபடியே இப்போது எஸ்5 கிடைக்கிறது.

சென்ற வியாழன் இரவு இடியோடு மழை பெய்து, தெரு முழுக்க மின்சாரம் போனது. இடி ஓய்ந்து அரைமணி நேரம் கழித்து, மின்சாரம் இன்னும் வராத வேளையில் பேட்டரியில் கருவியைப் போட்டேன். எஸ்2. ஜன்னலில் தொங்கும் அதே ஐந்து மீட்டர் ஒயரில், இரண்டு மாதமாக ஒரு முனகலாகக்கூடக் கேட்காத குரல்கள் அடுத்த அறையில் பேசுவதுபோல் கேட்டன. மனைவி மெழுகுவர்த்தியோடு வந்து, "கரண்ட் போனதற்குச் சிரிக்கிற ஒரே ஆள் நீங்கள்தான்" என்றார். மின்சாரம் வந்த அந்த நொடியில், ஊரின் சார்ஜர்கள் எல்லாம் ஒன்றாக விழித்துக்கொள்ள, பேசிக்கொண்டிருந்தவர் பாதிச் சொல்லில் மறைந்துபோனார்.

அனுமதி கேட்பதென்று முடிவு செய்துவிட்டேன். கடிதத்தின் வரைவை எழுதியிருக்கிறேன். 2004 சுனாமி, 2011 தானே புயல், 2024 ஃபெஞ்சல் புயல் ஆகிய பேரிடர்களில் அமெச்சூர் வானொலியின் தேவை என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். ரெட்டியார்பாளையம் ஐயா அதைப் பார்த்துத் திருத்தித் தந்தால் நன்றியுடையவனாவேன்.

சங்கச்செயலர் | ரெட்டியார்பாளையம், புதுச்சேரி

பார்த்தேன். முதல் ஒன்றேகால் பக்கத்தை எடுத்துவிடுங்கள். பேரிடர் என்று தொடங்கினால் ஒருவர் உடனே, புயல் அடிக்கும்போது இவர் மாடியில் நின்று நமக்காகப் பேசுவாரா என்று கேட்பார். ஆம் என்றால் அது பொய், இல்லை என்றால் கடிதம் போச்சு.

எங்களுக்குத் தெரிய வேண்டியவை இவைதாம்: தளத்தில் துளை உண்டா, விழுந்தால் யார் மேல் விழும், தொட்டால் என்ன ஆகும், டிவி கெடுமா, கதிர்வீச்சு என்று யாராவது பயந்தால் என்ன சொல்வது, நீங்கள் வீட்டை விற்றுவிட்டுப் போனால் யார் கழற்றுவது. கதிர்வீச்சுக்கு, உங்கள் அடுக்களை விளக்கு ஒன்பது வாட், இது ஐந்து வாட் என்று ஒப்பிட வேண்டாம். விளக்கு வேறு, இது வேறு என்று சொல்ல எங்கள் குடியிருப்பிலேயே இரண்டு பொறியாளர்கள் இருக்கிறார்கள். 900 மெகாஹெர்ட்ஸ் ஜிஎஸ்எம் கைபேசி உச்சத்தில் இரண்டு வாட் வரை விடும், அது காதோடு ஒட்டியிருக்கும். இது ஐந்து வாட், தலைக்கு மேல் எட்டாத உயரத்தில், பேசும்போது மட்டும் என்று என் மைத்துனர் விளக்கியது எனக்குப் புரிந்தது. அதையே எழுதுங்கள். ஆறு மாதத்துக்குச் சோதனை அனுமதி கேளுங்கள். நிரந்தரம் என்ற சொல்லைப் பார்த்தால் பொதுக்குழு வரை போய்விடும்.

கெடிலக்கரை | மஞ்சக்குப்பம், கடலூர்

செயலர் சொல்வதை நான் ஆமோதிக்கிறேன். 2004இல் அந்தமானில் நடந்தது உண்மையிலேயே பெரிய சேவை; பாரதி பிரசாத் தலைமையிலான குழு அமெச்சூர் வானொலித் தொடர்புகளுக்காகச் சுனாமிக்கு முன்பே அங்கே போய்க் கருவிகளோடு இருந்தது, மற்றத் தொடர்பெல்லாம் அறுந்தபோது அந்த நிலையமே செய்தி கொண்டுபோனது. அந்தப் பெருமையை நம் பால்கனிக் கம்பிக்குக் கடன் வாங்கக் கூடாது.

2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கரையைக் கடந்தபோது மஞ்சக்குப்பத்தில் முதலில் விழுந்தவற்றில் என் டைபோலும் ஒன்று. தென்னையே சாய்ந்த பிறகு டைபோல் எங்கே நிற்கும்? மறுநாள் நண்பகல் அறுந்த கம்பியைத் துணிக்கொடியில் முடிச்சுப் போட்டு, காரின் பேட்டரியை எடுத்து வைத்துத்தான் பேச முடிந்தது. புயல் எச்சரிக்கை வந்தால் நானே கழற்றிவிடுவேன் என்று கடிதத்தில் எழுதுங்கள், தம்பி. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் பயன்படுத்தாதபோது கோஆக்ஸைக் கருவியிலிருந்து பிடுங்கி வெளியே விடுவேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்துவாட் | லாஸ்பேட்டை, புதுச்சேரி

அனுமதி கிடைத்துவிட்டது. ஆறு மாதம், தளத்தைத் துளைக்கக் கூடாது, கம்பி ஒன்பதடிக்குக் கீழே வரக் கூடாது, புயல் எச்சரிக்கை வந்த அன்றே கழற்ற வேண்டும். கூட்டத்தில் இருந்த ஐந்து பேரில் ஒருவர் மட்டும் டிவியைப் பற்றிக் கேட்டார். கெட்டால் என் செலவில் சரிசெய்வேன் என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் விதிக்கும் பூர்வீகம் ஒழுகிய கூரைதான் என்பது அங்கே தெரியவந்தது.

செய்தவற்றைச் சொல்கிறேன். இருபது லிட்டர் பெயிண்ட் வாளிகள் இரண்டில் ஒரு பிவிசி குழாய்த் துண்டை நடுவே நிறுத்தி, மணலும் சிமெண்டும் கலந்து நிரப்பினேன். வாளிக்கு அடியில் பழைய ரப்பர் விரிப்பு. குழாய்க்குள் கண்ணாடி இழைத் தூண்டில் கம்பு பன்னிரண்டடி நிற்கிறது. இரண்டு வாளிகளுக்கும் இடையே 17 மீட்டர். மீதிக் கம்பியைக் கைப்பிடிச் சுவரோடு ஒட்டாமல் மூன்றாவதாக ஒரு மூங்கிலில் மடக்கி உயர்த்தினேன். மின்மாற்றி எஃப்டி140-43 என்னும் ஃபெரைட் வளையத்தில் இரண்டுக்குப் பதினான்கு சுற்று, உள்வாயில் 100 பிக்கோஃபாரட் மின்தேக்கி. அதைக் கம்பின் உச்சியிலேயே ஊறுகாய் டப்பாவுக்குள் வைத்து, கோஆக்ஸை வீட்டுக்குள் நுழையும் முன் பெரிய ஃபெரைட் வளையத்தில் பதினொரு சுற்றுச் சுற்றிவிட்டேன். இந்தச் சுற்று இல்லாமல் சோதித்தபோது வீட்டு இரைச்சல் கோஆக்ஸின் மேல்தோல் வழியாக ஏறி ஆண்டெனாவுக்கே போனது.

முதலில் 20.2 மீட்டர் விட்டிருந்தேன். ஆண்டெனாவை அளக்கும் நானோவிஎன்ஏ கருவி 6.92 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்வைக் காட்டியது, அதாவது கம்பி அங்கேதான் இசைந்தது. தளத்தின் பாதிப்பு என்று நினைக்கிறேன். அரை மீட்டர் வெட்டியதும் 7.1க்கு வந்து நின்றது. நிலை அலை விகிதம் (1 என்றால் பவர் எதுவும் திரும்பி வராது) 1.4. இரைச்சல் காலையில் எஸ்4.

ஞாயிறு காலை ஆறே முக்காலுக்கு முதல் அழைப்பு. மதுரையிலிருந்து ஒருவர் ஐந்துக்கு ஏழு (தெளிவு ஐந்து, வலிமை ஏழு) என்று அறிக்கை தந்தார், பெங்களூர் ஐந்துக்கு ஐந்து. திருச்சூரில் ஒருவர் என் குரல் இருப்பது தெரிகிறது, சொல் பிரியவில்லை என்றார். ஐந்து வாட் என்று சொன்னதும் மதுரைக்காரர் மறுபடியும் கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

வெள்ளைநகர்மாணவி | புதுச்சேரி

வாழ்த்துகள் ஐயா. எங்கள் கூரை தேக்கு விட்டம்தான். பத்து மீட்டர் ஒட்டினேன். முதல் மாலையிலேயே ஜப்பானும் இத்தாலியும் திரையில் வந்தன. உரிமையாளர் வந்து பார்த்துவிட்டு, இது சுவரில் கறை படுத்துமா என்று மட்டும் கேட்டார். உங்கள் கம்பி கீழிருந்து தெரிகிறதா?

ஐந்துவாட் | லாஸ்பேட்டை, புதுச்சேரி

கண்ணில் படுவதில்லை, அதற்கு ஒரு காரணமும் உண்டு. இரண்டாம் வாரத்தில், முதல் மாடியில் இருக்கும் அம்மாள் வந்து, அந்த வாளிகள் கனமாகத்தானே இருக்கின்றன, இடையில் ஒரு கயிறு கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். தூண்டில் கம்பு தாங்காது என்பதால் வாளிகளில் நிற்கும் பிவிசி குழாய்களில், இடுப்பு உயரத்தில், ஒரு நைலான் கயிற்றைக் கட்டிக் கொடுத்தேன். இப்போது மாடிக்கு வருகிறவர்கள் துணியைத்தான் பார்க்கிறார்கள். மேலே கம்பி போவது அனுமதி கொடுத்தவர்களுக்கே மறந்துவிட்டது.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. ஈரப் புடவைகள் வரிசையாகத் தொங்கும்போது ஒத்ததிர்வு 30 கிலோஹெர்ட்ஸ் வரை கீழே இறங்குகிறது. காய்ந்ததும் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. ஆகவே அவர் துணியோடு ஏறி வரும் ஏழரை மணிக்கு முன்பே பேச்சை முடித்துக்கொள்கிறேன்.